பெரோமோன் சென்ட் ஒத்துக்கொள்ளாதபோது

எதிரில் இருப்பவரைக் கவரும் என்று சொல்லி விற்கிற பெரோமோன் சென்ட்டைப் பூசிக்கொண்டு வெளியே வந்த பிறகு தலை கனக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது, பூசிய இடம் எரிகிறது என்றால் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம். முதலில் அதை உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். எல்லாரும் சோப்புப் போட்டுத் தேய்ப்பார்கள். அது பாதி வேலையைத்தான் செய்யும். இந்த பாட்டில்களில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டினோன், ஆண்ட்ரோஸ்டினால், ஆண்ட்ரோஸ்டாடையீனோன் மூன்றும் ஸ்டீராய்டு வகைப் பொருள்கள். தண்ணீரில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை.

ஆகவே எண்ணெயில் தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ பூசிய இடத்தில் விட்டு, ஒரு நிமிடம் மெதுவாகத் தடவி, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். துணியின் புதுப் பக்கத்தால் இன்னொரு முறை. அதன் பிறகு பயத்தமாவோ வாசனையில்லாத சோப்போ போட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். எண்ணெய்க் குளியலில் எண்ணெய் அழுக்கை இளக்க, சீயக்காய் எண்ணெயை எடுத்துவிடும் அதே கணக்குதான். ஸ்பிரிட் நனைத்த பஞ்சும் வேலை செய்யும். ஆனால் எரிச்சலோ கீறலோ இருக்கும் தோலில் அதை வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கமும் ஆகாது. விரல்களை மறக்காதீர்கள். பாட்டிலைத் திறந்த கையால் கண்ணைக் கசக்குவதும் கான்டாக்ட் லென்ஸைத் தொடுவதும் அடிக்கடி நடக்கிற தவறு. கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

மூச்சுத் திணறல், உதடோ முகமோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு என்றால் கழுவிக்கொண்டு நிற்க நேரமில்லை. ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

சட்டைக்கு வேறு முறை. பாலியெஸ்டர் துணி எண்ணெய்ப்பசையுள்ள மணங்களைப் பருத்தியைவிட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் தெளித்தது மூன்று துவைப்புக்குப் பிறகும் உடம்புச் சூட்டில் மீண்டும் கிளம்புவது இதனால்தான். தெளித்த இடத்தில் பாத்திரம் துலக்கும் திரவத்தை நீர் கலக்காமல் சில துளி விட்டுத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கமான சலவைத்தூளுடன் வெந்நீரில் துவையுங்கள். மணம் போயிற்றா என்று பார்த்த பிறகே இஸ்திரி போடுங்கள். சமையல் சோடா ஒரே ஒரு வகைக்குத்தான் உதவும்: பெண்களுக்கென்று விற்கும் 'கோப்புலின்' கலவைகளுக்கு. அவை பியூட்டிரிக், ஐசோவலெரிக் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்கள். புளித்த பாலாடைக்கட்டி வாடை அவற்றுடையது. சோடா பட்டதும் அமிலம் உப்பாகிவிடும், உப்பு ஆவியாவதில்லை. ஒரு குவளை நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும். துணிக்கு மட்டும், தோலில் சோடா எரிச்சலைக் கூட்டும். ஸ்டீராய்டு வகைக்கு சோடாவால் எந்தப் பயனும் இல்லை.

இனி காரணத்துக்கு வருவோம். காரணம் பிடிபடாமல் பாட்டிலை மாற்றிக்கொண்டே போவதில் பணம் போகும், தலைவலி போகாது.

ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தின் இன்னோர் உயிருக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள்தான் பெரோமோன். அந்தச் சொல் 1959இல் பிறந்தது. அதே ஆண்டு ஜெர்மனியில் அடோல்ஃப் பூட்டெனான்ட் குழுவினர் ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து, ஆண் பூச்சியை ஈர்க்கும் பாம்பிக்கால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நம் விவசாயிகளுக்கு இந்த வித்தை இனக்கவர்ச்சிப் பொறியாக நன்றாகவே தெரியும். காய்ப்புழுவுக்கு எக்டருக்கு 12 பொறி, தென்னையில் சிவப்புக் கூன்வண்டுக்கு வாளிப் பொறி. அந்தப் பூச்சி மட்டும் வரும், மற்றது வராது. பன்றியிலும் அப்படித்தான்: ஆண் பன்றியின் உமிழ்நீரில் ஆண்ட்ரோஸ்டினோன் உண்டு, பருவத்தில் இருக்கும் பெண் பன்றியின் மூக்கருகே அதைத் தெளித்தால் அசையாமல் நிற்கும். பண்ணைகளில் சினைப்பருவம் பார்க்கவே அந்த ஸ்ப்ரே விற்கிறது.

மனிதரில் இப்படி ஒரு பொருள் இதுவரை உறுதியாகவில்லை. இத்தகைய செய்திகளை உணரும் வோமரோநேசல் உறுப்பு நம்மிடம் வேலை செய்யாத எச்சமாகவே இருக்கிறது. அதற்குத் தேவையான டிஆர்பிசி2 மரபணு மனிதரில் செயலிழந்த ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரிஸ்ட்ரம் வயட் 2015இல் இந்த ஆய்வுகளை மொத்தமாக எடுத்துப் பார்த்து, மனிதப் பெரோமோன் என்று விற்கப்படும் ஸ்டீராய்டுகளுக்கு வலுவான சான்று இல்லை என்று எழுதினார். 2017இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரோஸ்டாடையீனோனையும், அதேபோல் பெரோமோன் என்று சொல்லப்படும் எஸ்ட்ராடெட்ரயினோலையும் வைத்துச் செய்த சோதனையில், எதிரில் காட்டிய முகத்தை ஆண் என்றோ பெண் என்றோ கணிப்பதிலும் அழகு என்று மதிப்பிடுவதிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இதை இங்கே சொல்வது பூசுபவரை மட்டம் தட்ட அல்ல. பக்கவிளைவைத் தீர்க்க இது நேரடியாக உதவும். மர்மமான ஹார்மோன் சமிக்ஞை ஒன்று உடம்பைக் குழப்பிவிட்டதோ என்று பயப்படத் தேவையில்லை. பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று: வாடை, தோல், எதிர்பார்ப்பு.

வாடைதான் பெரிய வில்லன். ஆண்ட்ரோஸ்டினோன் எல்லார் மூக்குக்கும் ஒன்றல்ல. சிலருக்குப் பழைய மூத்திர வாடை, சிலருக்கு வியர்வை, சிலருக்கு வெனிலா போன்ற இனிப்பு, சிலருக்கு ஒன்றுமே தெரியாது. மூக்கில் உள்ள ஓஆர்7டி4 என்ற ஏற்பியின் மரபணு வேறுபாடு இதில் பெரும் பங்கு வகிக்கிறது என்று 2007இல் கண்டறிந்தார்கள். இப்போது வாடை தெரியாத ஒருவர் பாட்டில் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அழுத்து அழுத்தி முகர்கிறார், ஒன்றும் இல்லை. 'வேலை செய்யவில்லை போல' என்று ஆறு அழுத்து. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவருக்கு ஏன் என்று புரிவதில்லை. 'எல்லாரும் என்னிடம் கோபமாக இருக்கிறார்கள், ஒதுங்கிப் போகிறார்கள்' என்ற புகாரில் பெரும்பகுதி இங்கே தொடங்குகிறது.

வாடை தெரிந்தவருக்கும் இதே பள்ளம்தான், வேறு வழியில். எந்த மணமும் சில நிமிடத்தில் மூக்குக்குப் பழகிவிடும். மணம் குறைந்தது போலத் தோன்றும், மேலும் தெளிப்பார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஆண்ட்ரோஸ்டினோன் தெரியாதவர்களை நாளுக்கு மூன்று முறை ஆறு வாரம் முகரச் சொன்ன ஓர் ஆய்வில், கடைசியில் பாதிப் பேருக்கு அது தெரியத் தொடங்கியது. 1989இல் வெளியான ஆய்வு அது. இரண்டாம் மாதத்தில் 'பாட்டில் கெட்டுப்போச்சு, திடீரென்று நாறுகிறது' என்பவர்களில் சிலருக்குக் கெட்டது பாட்டில் அல்ல, மூக்கு விழித்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு மருந்து அளவுதான். உங்கள் மூக்கை வைத்து அளவு தீர்மானிக்காதீர்கள். வீட்டில், அலுவலகத்தில், ஒளிவுமறைவின்றிச் சொல்லக்கூடிய மூன்று நான்கு பேரிடம், ஆணும் பெண்ணுமாக, ஒரு கை தூரத்தில் நின்று கேளுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்டால் மரியாதைக்கு 'ஆமா' என்பார்கள். 'மூத்திர வாடையோ வியர்வை வாடையோ வருதா' என்று கேட்டால் உண்மை வரும்.

அளவைக் கணக்கிட ஒரு நகைத் தராசு போதும், 0.01 கிராம் காட்டுவது. ஸ்ப்ரே பாட்டிலை எடைபோடுங்கள், வெளியே 10 முறை அழுத்துங்கள், மறுபடி எடைபோடுங்கள். ஆல்கஹால் ஒரு மில்லி சுமார் 0.8 கிராம். எடை 0.8 கிராம் குறைந்திருந்தால் 10 அழுத்துக்கு ஒரு மில்லி, ஓர் அழுத்துக்கு 0.1 மில்லி. லேபிளில் 30 மில்லிக்கு 15 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் மில்லிக்கு அரை மில்லிகிராம், ஓர் அழுத்துக்கு 50 மைக்ரோகிராம். ஆறு அழுத்தினால் 300. அக்குளில் இயல்பாக இருப்பதோடு ஒப்பிட்டால் ஓர் அழுத்தே அதிகம். 'அதிக செறிவு' என்று பெருமையாகப் போட்டிருக்கும் லேபிளைப் பார்த்து மகிழ ஒன்றுமில்லை.

சொட்டுக் கணக்கு இன்னும் ஏமாற்றும். தண்ணீர் 20 சொட்டுக்கு ஒரு மில்லி என்பது பொதுக் கணக்கு. ஆல்கஹாலின் சொட்டு சிறியது, அதே துளிப்பானில் ஒரு மில்லிக்கு இருமடங்குக்கும் மேல் சொட்டு விழும். எண்ணெய்ச் சொட்டு ஆல்கஹால் சொட்டைவிடப் பெரியது. ஆல்கஹால் வகையில் 'நாலு சொட்டு' பழகியவர் எண்ணெய் வகைக்கு மாறி அதே நாலு சொட்டு வைத்தால் அளவு எகிறிவிடும். எண்ணெய் வகை என்றால் பல்குச்சி நுனியை நனைத்து ஒரு முறை தொடுவதே தொடக்க அளவு. நம் ஊரில் புனுகுக்கு இந்த அறிவு எப்போதோ உண்டு. புனுகை அப்படியே முகர்ந்தால் குடலைப் புரட்டும். கடுகளவு எடுத்துச் சந்தனத்தில் குழைத்தால் மணம். ஆண்ட்ரோஸ்டினோனையும் அந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

பூசும் இடமும் கணக்கில் சேரும். தலைவலிக்காரர்கள் கழுத்தில், தாடைக்குக் கீழே பூசக் கூடாது. நாள் முழுக்க முதலில் முகர்வது நீங்கள்தான். மார்பின் கீழ்ப்பகுதியில், சட்டைக்குள் வையுங்கள். கழுத்தில் தெளித்த கையோடு ஹெல்மெட்டை மாட்டினால் மணமெல்லாம் அதற்குள் அடைபட்டுக்கொள்ளும். ஏசி போட்ட கார், ஜன்னல் திறக்காத அறை இரண்டிலும் இதே கதை. சித்திரை வெயிலில் எல்லாம் வேகமாக ஆவியாகும். மார்கழியில் சரியாக இருந்த அளவை அப்போது பாதியாக்குங்கள். அக்குளில் ஒருபோதும் வேண்டாம். அங்கே வாழும் கொரினிபாக்டீரியம் வகை நுண்ணுயிர்கள் இந்த ஸ்டீராய்டுகளை ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாற்றக்கூடியவை. காலையில் பூசியது மாலையில் என்னவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு அளவைக் குறைத்தும் வலி வந்தால் நிறுத்துவதே சரி. மணம் அவர்களுக்கு வலியைக் கிளப்பும் பொருள். ஆஸ்துமாவுக்கும் இதே சொல். உங்களுக்கு இல்லாமல் வீட்டில் இன்னொருவருக்கு இருந்தாலும் இதே சொல்தான்.

அடுத்தது தோல். இங்கே குற்றவாளி அநேகமாக ஸ்டீராய்டு இல்லை; அதை மறைக்கச் சேர்த்த வாசனைப் பொருள்கள். லினாலூல், லிமோனீன், சின்னமால், யூஜினால் என்று பட்டியல் நீளும். ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் தனியாகப் பெயர் போட வேண்டிய வாசனை ஒவ்வாமைப் பொருள்களை 26இலிருந்து 80க்கும் மேலாக 2023இல் உயர்த்தியது. லினாலூலும் லிமோனீனும் புதிதாக இருக்கும்போது அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் வலுவான ஒவ்வாமைப் பொருள்களாகின்றன. வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்க் கவரில், காரின் டேஷ்போர்டில் பாட்டிலை வைப்பவர்களுக்கு ஆறு மாதம் ஒத்துக்கொண்டது திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். மூடி இறுக்கமாக, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

நேரத்தை வைத்து வகை பிரிக்கலாம். பூசிய சில நிமிடங்களில் எரிந்து, கழுவியதும் தணிந்தால் எரிச்சல் வகை. ஆல்கஹால், புதிதாகச் சவரம் செய்த தோல் காரணமாக இருக்கலாம். ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமுமாக வந்து, பூசிய எல்லையைத் தாண்டிப் பரவினால் ஒவ்வாமை. எரிச்சல் வகைக்கு அளவும் இடமும் மாற்றினால் போதும். ஒவ்வாமைக்கு அளவைக் குறைத்துப் பயனில்லை, அந்தப் பொருளை விட்டே ஆக வேண்டும். பெர்கமாட் எண்ணெய் கலந்த வகைகளைப் பூசி வெயிலில் போனால் கழுத்தில் வழிந்த கோடு கோடாகக் கருமை விழும், மாதக்கணக்கில் நிற்கும். இதற்கு ஒரே தடுப்பு, பகலில் துணி மறைக்கும் இடத்தில் மட்டும் பூசுவது.

புது பாட்டிலுக்கு ஒரே ஒரு முறை கையில் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. முழங்கை மடிப்பில், ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை 7 முதல் 10 நாள் வரை பூசுங்கள். ஒவ்வாமைக்கு இந்த நாள்கள் தேவை. அரித்தால் அன்றே நிறுத்திவிடுங்கள்.

தடிப்பு வந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி, வாசனையில்லாத வாசலின், இவை இரண்டும் போதும். மருந்துக்கடையில் 'அரிப்புக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டால் பல இடங்களில் வலுவான ஸ்டீராய்டு மருந்து கலந்த களிம்பைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வாரக்கணக்கில் போட்டு, தோல் மெலிந்து, படர்தாமரை உருமாறி, மூலக் காரணத்தைவிடப் பெரிய நோயோடு தோல் மருத்துவரிடம் போகிறவர்கள் நம்மிடம் ஏராளம். தயவுசெய்து வேண்டாம். மூன்று நான்கு நாளில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் 'பேட்ச் டெஸ்ட்' கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்ப்பார்கள். எந்தப் பொருள் என்று பெயரோடு தெரிந்துவிட்டால் அடுத்த சோப்பு, ஷாம்பு வாங்கும்போதும் தப்பிக்கலாம்.

மூன்றாவது, மனநிலை. 'பூசினால் எரிச்சல் வருகிறது, யாரையும் பிடிக்கவில்லை', 'படபடப்பு', 'தூக்கம் கெட்டது'. இவற்றைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. 2000ஐ ஒட்டி சிகாகோவில் நடந்த சோதனைகளில் ஆண்ட்ரோஸ்டாடையீனோன் மனநிலையைச் சிறிதளவு மாற்றுவது தெரிந்தது. கூட இருக்கும் சோதனையாளர் யார் என்பதைப் பொறுத்து விளைவும் மாறியது. அதே வேளை, 'ஆதிக்க உணர்வைத் தரும்' என்று லேபிளில் படித்துவிட்டுப் பூசுகிறவர் அன்றைக்கு எதிரில் வருபவரின் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தக் காத்திருப்பே ஒருவரைப் படபடப்பாக்கப் போதும். இரண்டில் எது என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க முடியும்.

ஒரு வாரம் எதுவும் பூசாமல் விடுங்கள். ஒரே மாதிரி இரண்டு 10 மில்லி ஸ்ப்ரே பாட்டில் வாங்குங்கள். இதுவரை தொல்லை தராத வழக்கமான சென்ட் ஒன்று வேண்டும், மணம் தூக்கலாக இருப்பது நல்லது. நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, ஒரு பாட்டிலில் 5 மில்லி பெரோமோனும் 5 மில்லி சென்ட்டும், மற்றதில் 10 மில்லி சென்ட் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். செறிவு பாதியாகிவிட்டதால் முன்பு ஓர் அழுத்து என்றால் இனி இரண்டு. எண்ணெய் வகை என்றால் சென்ட்டுக்குப் பதில் அத்தர். நீர் கலக்க வேண்டாம், ஸ்டீராய்டு பிரிந்து அடியில் நின்றுவிடும். அவர் தினமும் காலையில் நாணயம் சுண்டி, பூவா தலையா பார்த்து, ஒரு பாட்டிலைக் கையில் கொடுக்கட்டும்; தாளில் குறித்து மூடி வைக்கட்டும். நீங்கள் இரவில் படுக்கும் முன் எரிச்சல், படபடப்பு, தலைவலி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். முந்தைய இரவின் தூக்கத்தையும் எழுதுங்கள். கடைசியாக, இன்று பூசியது எது என்ற ஊகம். இரவில் எண்ணெய் தடவிக் கழுவிவிட வேண்டும், இல்லையேல் இன்றைய மணம் நாளைக்கும் ஒட்டும். இப்படி 20 நாள்.

21ஆம் நாள் இரண்டு தாளையும் ஒப்பிடுங்கள். ஊகம் 20இல் 10ஐ ஒட்டிச் சரியாக இருந்தால், அன்று பூசியிருப்பது எது என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் 15 அல்லது அதற்கு மேல் சரியாக வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். அந்த எண்ணிக்கை வந்தால் வாடை உங்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கலாம், இல்லை உண்மையிலேயே ஏதோ செய்கிறது. மதிப்பெண்களை இரு வகை நாளுக்கும் தனித்தனியாகக் கூட்டிச் சராசரி எடுங்கள். பெரோமோன் நாள்களில் எரிச்சல் தெளிவாகக் கூடியிருந்தால் பாட்டிலை விட்டுவிடுங்கள். வேறுபாடே இல்லை என்றால் தொல்லைக்கு வேறு காரணம் தேட வேண்டும்: தூக்கம், காபி, வேலை. தோல் தடிப்போ மூச்சுத் தொல்லையோ வந்தவர்கள் இந்தச் சோதனையைத் தொடவே கூடாது. தற்கொலை எண்ணம், கட்டுக்கடங்காத கோபம் போன்றவை இருந்தால் 20 நாள் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வகைப் பாட்டிலுக்கு இந்தச் சோதனைகூட வேண்டாம். லேபிளில் டிஎச்இஏ என்றோ டெஸ்டோஸ்டிரோன் என்றோ இருந்தால் அது வாசனைப் பொருள் இல்லை, தோல் வழியாக உடம்புக்குள் போகும் ஹார்மோன். முகப்பரு, பெண்களுக்கு மாதவிடாய் மாற்றம், முகத்தில் ரோமம் என்று உண்மையான ஹார்மோன் விளைவுகள் இதில் வரலாம். டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவரின் தோலை ஒட்டிய குழந்தைகளுக்கு வயதுக்கு மீறிய பருவ மாற்றங்கள் வந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2009இல் அந்த ஜெல்களுக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. கைக்குழந்தையைத் தூக்கும் வீட்டில் இவற்றுக்கு இடமே கிடையாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மார்பகம், புரோஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களும் தொடக் கூடாது. போட்டிகளில் பங்கேற்கும் விளையாட்டு வீரர்களுக்கு டிஎச்இஏ தடைசெய்யப்பட்ட பொருள்; 'சென்ட்தானே' என்ற விளக்கத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

லேபிளில் பொருள்களின் பட்டியலே இல்லாத பாட்டில்களும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி இறக்குமதிப் பொருளுக்குப் பதிவு எண் இருக்க வேண்டும். தொகுதி எண், காலாவதித் தேதி, பொருள் பட்டியல் இருக்க வேண்டும். 'ரகசியக் கலவை' என்று மட்டும் எழுதியிருந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எந்த மருத்துவராலும் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. ஒத்துக்கொள்ளாத பாட்டிலை உடனே குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூடியை இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியோடும் ரசீதோடும் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அதையும், எந்த நாளில் எத்தனை அழுத்து, எத்தனை மணிக்கு அரிப்பு என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். பேட்ச் டெஸ்டில் வழக்கமாகச் சோதிக்கும் பொருள்களோடு சேர்த்து அந்தத் திரவத்தையே ஒரு புள்ளியாக வைத்துப் பார்க்க முடியுமா என்று அவரிடம் கேளுங்கள்.